யோசனைப் பெட்டியைத் திறப்பது யார்?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. கடிதம் டைப் செய்யக் கற்றுக் கொண்டாயிற்று. பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். அடுத்து என்ன? சிறு தொழில் நடத்துபவராகவோ, பத்துப் பேருக்கு மேற்பார்வையாளராகவோ இருந்தால், உங்கள் கம்ப்யூட்டர் இன்னொரு வேலையையும் செய்யக் காத்திருக்கிறது. உங்களிடம் வேலை பார்ப்பவர்களின் மூளையில் இருக்கும் யோசனைகள் காற்றோடு போய்விடாமல் அது காப்பாற்றித் தரும். இதற்குப் புதிய சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு ஒர்க்ஷீட் போதும். இதை நான் கற்றுக் கொண்ட இடம் ஒரு உப்பளம்!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிச் செல்பவர்கள் மரக்காணத்தைக் கடந்துதான் போக வேண்டும். சாலையின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாய் உப்பு அம்பாரங்கள் தெரியும். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இந்த ஊரில் 3,000 ஏக்கருக்கும் கூடுதலான பரப்பில் உப்பளங்கள் இருக்கின்றன. மத்திய, மாநில அரசு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து உப்பு எடுக்கிறார்கள். தை, மாசியில் தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கும். அதன்பின் பாத்திகளில் மழைத் தண்ணீர்தான் நிற்கும்.

என் சித்தப்பா மகன் அங்கே கூட்டாளிகளோடு ஒரு உப்பளம் நடத்துகிறான். 2024 நவம்பர் 30 அன்று இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததல்லவா? அந்த வெள்ளத்தில் அவனுடைய கணக்கு நோட்டுகள் அத்தனையும் ஊறிப்போய்விட்டன. யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி, எந்த வியாபாரி எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் நீல மைக் கறையாக மாறிவிட்டது. "அண்ணே, ஒரு கம்ப்யூட்டர் வாங்கிட்டேன். வந்து கணக்கு எழுதக் கத்துக் கொடுங்க" என்று அடுத்த சீசன் தொடக்கத்தில் போன் செய்தான். போனேன்.

உப்பு கசக்குது தம்பி!

கொட்டகையில் கம்ப்யூட்டரை வைத்து, கூலிக் கணக்குக்கு ஒரு ஒர்க்ஷீட் தயாரித்துக் கொண்டிருந்தேன். பத்து மணிக்கு உப்பு வாருபவர்கள் டீ குடிக்க வந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கே வந்து விடுபவர்கள் அவர்கள். வெயில் ஏறிவிட்டால் கண் கூசும். அவர்களில் மூத்தவரான ஒரு அம்மா, முப்பது ஆண்டுகளாக உப்பு வாருபவர். திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுல என்ன தம்பி எழுதறீங்க?"

"எத்தனை மூட்டை, எவ்வளவு கூலின்னு எழுதறேன் அக்கா."

"மூட்டைய எழுதறீங்க, சரி. உப்பு எப்படி இருக்குன்னு எழுத மாட்டீங்களா? கீழண்டப் பாத்தி உப்பு கசக்குது. ரெண்டு நாள்ல நசநசன்னு ஆயிடுது. தண்ணிய இன்னும் கொஞ்சம் முன்னாடியே வடிச்சுட்டா நல்ல உப்பு வரும்."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் அக்காவைப் பார்த்தான். "இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?" என்று கேட்டான்.

"உங்க அப்பா காலத்துலயே சொல்லியிருக்கேன். கேட்டுக்கிட்டாங்க. அவ்வளவுதான்."

அவர் சொன்னது அனுபவத்தில் வந்த பேச்சு. ஆனால் அதற்குப் பின்னால் முழு வேதியியல் இருக்கிறது. உப்புத் தண்ணீரின் அடர்த்தியை பாமே என்ற டிகிரிக் கணக்கில் அளப்பார்கள். சாதாரணக் கடல் நீர் 3 முதல் 3.5 டிகிரி வரை இருக்கும். வெயிலில் காயக் காய அடர்த்தி ஏறும். ஏறக்குறைய 25 டிகிரியை எட்டும்போது சமையல் உப்பு படிகமாகத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டினால், மக்னீசியம் உப்புகளும் கூடவே சேர ஆரம்பிக்கும். கசப்பு அங்கிருந்துதான் வருகிறது. மக்னீசியம் குளோரைடு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும். அதனால்தான் உப்பு நசநசக்கிறது. எனவே அந்தக் கட்டத்திற்கு முன்பே கசப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பவநகரில் 1954ல் தொடங்கப்பட்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அடர்த்தி பார்க்கும் மானி கொட்டகையிலேயே ஓர் ஓரத்தில் கிடந்தது. சீசனில் எப்போதாவது ஒரு முறை எடுத்துப் பார்ப்பார்களாம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மா சொன்ன "கேட்டுக்கிட்டாங்க, அவ்வளவுதான்" என்ற வார்த்தை என்னை இருபது ஆண்டுகள் பின்னுக்கு இழுத்துச் சென்றுவிட்டது.

நான் செய்த தவறு

அப்போது நான் சென்னைக்கு அருகே ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எங்கள் நிர்வாகம் கேன்டீன் வாசலில் யோசனைப் பெட்டி ஒன்றைப் பொருத்தியது. சிவப்புப் பெயின்ட், பித்தளைப் பூட்டு. "உங்கள் யோசனை, நமது வளர்ச்சி" என்று எழுதியும் வைத்தார்கள். முதல் மாதம் சீட்டுகள் குவிந்தன. நானும் ஆர்வமாகத் திறந்து படித்து மேலே அனுப்பினேன். மேலே இருந்து பதில் எதுவும் வரவில்லை. இரண்டாவது மாதம் சீட்டுகள் குறைந்தன. மூன்றாவது மாதம் சாக்லேட் பேப்பரும் கிண்டல் வரிகளும் விழுந்தன. பிறகு நானே திறப்பதை நிறுத்திவிட்டேன். சாவி என் மேஜை டிராயரில்தான் கிடந்தது.

ஒரு நாள் பிரஸ் மெஷினில் ஒரு இளைஞரின் இரண்டு விரல்கள் போய்விட்டன. பாதுகாப்புக் கதவு மூடாமலேயே மெஷின் இயங்கிவிட்டது. விசாரணைக்காகக் காகிதங்களைத் தேடியபோது அந்தப் பெட்டியின் நினைவு வந்தது. திறந்தேன். ஒரு சீட்டு. "கதவு சுவிட்ச் சில நேரம் வேலை செய்வதில்லை. மாற்றினால் நல்லது" என்று பென்சிலால் எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தது. விபத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முந்தைய தேதி. எழுதியவர் அதே மெஷினில் வேறு ஷிப்டில் வேலை பார்த்தவர்.

அந்தச் சீட்டை நான் மேலதிகாரியிடம் கொடுத்தேன். என் பங்கை ஒப்புக் கொண்டேன். சுவிட்ச் மாற்றப்பட்டது. விரல்கள் திரும்ப வரவில்லை. யோசனை கேட்பது சுலபம். கேட்ட யோசனைக்குப் பதில் சொல்வதுதான் வேலை. இந்தப் பாடத்தை நான் படித்த விலை அது. கட்டியவர் வேறொருவர்.

140 ஆண்டு பழைய சங்கதி

தொழிலாளர்களிடம் யோசனை கேட்பது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் என்ற ஊரில் வில்லியம் டென்னி கப்பல் கட்டும் தளத்தில் 1880லேயே யோசனைக்குப் பரிசு தரும் திட்டம் இருந்தது. கேஷ் ரிஜிஸ்டர் மெஷின் தயாரித்த அமெரிக்காவின் என்.சி.ஆர். நிறுவனம் 1894ல் இதைப் பின்பற்றியது. இதே என்.சி.ஆர். பின்னாளில் கம்ப்யூட்டர்களும் தயாரித்தது.

ஜப்பானின் டொயோட்டாவைச் சேர்ந்தவர்கள் 1950ல் அமெரிக்காவின் போர்டு தொழிற்சாலைக்குச் சென்றனர். அங்கே கண்ட யோசனைத் திட்டத்தை ஊருக்குத் திரும்பி 1951ல் தங்கள் தொழிற்சாலையில் தொடங்கினர். இன்று உலகமே ஜப்பானைப் பார்த்துப் பாடம் படிக்கிறது. வித்தியாசம் என்ன? ஜப்பானியர் பெரிய கண்டுபிடிப்புக்காகக் காத்திருக்கவில்லை. ஸ்பேனர் மாட்டும் ஆணியை ஓரடி நகர்த்துவது போன்ற சின்னஞ்சிறு யோசனைகளையும் மதித்தார்கள். சிறியதற்குப் பதில் கிடைத்தால்தான் அடுத்தவர் பெரியதைச் சொல்ல வருவார்.

1962ல் கவோரு இஷிகாவா என்ற பேராசிரியரின் முயற்சியால் ஜப்பானில் தரவட்டங்கள் பிறந்தன. ஒரே வேலையைச் செய்யும் சிலர் வாரம் ஒரு முறை கூடி உட்கார்ந்து, தங்கள் வேலையில் உள்ள ஒரு பிரச்னையை எடுத்து, தாங்களே அளந்து, தாங்களே தீர்வு காண்பதுதான் தரவட்டம். இந்தியாவில் 1980ல் பி.எச்.இ.எல். நிறுவனத்தின் ஐதராபாத் தொழிற்சாலையில் இது தொடங்கியது. 1982ல் இதற்கென இந்திய தரவட்டக் கூட்டமைப்பு உருவானது.

நம் தமிழ்நாட்டுப் பெருமையையும் சொல்ல வேண்டும். தரத்திற்கான உலகப் புகழ் பெற்ற டெமிங் பரிசை முதன்முதலில் வாங்கிய இந்திய நிறுவனம் எது தெரியுமா? சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன்! ஆண்டு 1998. 2002ல் ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் அதே பரிசை வாங்கியது. இந்தப் பரிசுக்கு மேலதிகாரியின் மூளை மட்டும் போதாது. கீழே வேலை பார்ப்பவர்கள் எந்த அளவுக்கு முன்னேற்ற வேலைகளில் பங்கெடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

அதே 2002ல் ஓசூரில் இன்னொரு சாதனையும் நடந்தது. டைட்டன் நிறுவனப் பொறியாளர்கள் 3.5 மில்லி மீட்டர் தடிமனே கொண்ட 'எட்ஜ்' கைக்கடிகாரத்தை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். உள்ளே ஓடும் இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லி மீட்டர் மட்டுமே. இது நம் ஊர்ப் பொறியாளர்கள் தங்கள் பட்டறையிலேயே திரும்பத் திரும்பச் செய்து பார்த்துப் பெற்ற வெற்றி.

உங்கள் திரையில் ஒரு மஞ்சள் சீட்டு

விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் ஸ்டிக்கி நோட்ஸ் என்று தேடிப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் சிறிய சீட்டு ஒன்று திரையில் வந்து ஒட்டிக் கொள்ளும். "மின்கட்டணம் கட்டணும்", "மாமாவுக்கு போன்" என்று எதையும் அதில் எழுதி வைக்கலாம். இதற்கு மூலமான காகிதச் சீட்டும் ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் தந்ததுதான்.

அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்பவர் 1968ல் பலமான பசை ஒன்றைத் தேடினார். கிடைத்ததோ பலவீனமான பசை. ஒட்டும், ஆனால் எளிதாகப் பிரிந்துவிடும். யாருக்கு வேண்டும் இது? அவர் விடவில்லை. பார்ப்பவரிடம் எல்லாம் அதைப் பற்றிச் சொல்லிக் கொண்டே இருந்தார். அதே நிறுவனத்தின் ஆர்ட் பிரை, தேவாலயத்தில் பாடல் குழுவில் பாடுபவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்திற்கு வைக்கும் துண்டுச் சீட்டு விழுந்து கொண்டே இருந்தது. 1974ல் அவருக்கு சில்வரின் பசை நினைவுக்கு வந்தது. 1980ல் போஸ்ட்-இட் சீட்டு அமெரிக்கா முழுவதும் கடைகளுக்கு வந்தது. முதல் முயற்சியிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள்!

3எம் நிறுவனத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆராய்ச்சிப் பிரிவினர் தங்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைத் தங்களுக்குப் பிடித்த முயற்சியில் செலவிடலாம். இதைப் போலவே கூகுள் 20 சதவீத நேரம் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கிருஷ்ண பரத், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், ஒரே செய்தியைப் பல பத்திரிகைகளில் தேடிப் படிக்கும் சிரமத்தைத் தீர்க்க ஒரு புரோகிராம் எழுதினார். அதுவே 2002ல் கூகுள் நியூஸ் ஆனது.

"அதெல்லாம் பெரிய கம்பெனி, சார். எங்களுக்கு ஆராய்ச்சிப் பிரிவே கிடையாது" என்கிறீர்களா? தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011 முதல் அலுவலகம் நடத்துகிறது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி தந்து சாப்ட்வேர் எழுத வைத்த நிறுவனம் அது. யோசனைக்குப் பட்டமும் தேவையில்லை, பட்டணமும் தேவையில்லை. சரி, மரக்காணம் கொட்டகைக்குத் திரும்புவோம்.

ஐந்து நிமிடத்தில் யோசனைப் பதிவேடு

மறுநாள் காலையில் தம்பியின் கம்ப்யூட்டரில் ஒரு பதிவேடு தயாரித்தேன். நீங்களும் செய்திடலாம். எக்ஸெல் இருந்தால் அதில் செய்யுங்கள். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கிக் கொள்ளலாம். அதில் உள்ள கால்க் என்ற புரோகிராம் இதற்குத் தாராளமாகப் போதும்.

முதலில் தமிழ். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்வேஜ், அதில் லாங்வேஜ் அண்ட் ரீஜன் எனச் செல்லுங்கள். தமிழ் மொழியைச் சேர்த்தால், கீ போர்டு பட்டியலில் தமிழ்99 முறையும் கிடைக்கும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் மாறலாம். டைப் செய்யத் தயக்கமா? உங்கள் ஆண்ட்ராய்ட் போனில் கூகுள் கீ போர்டில் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் அதுவே எழுத்தாகிவிடும். கூகுள் 2017ல் இந்த வசதியைத் தமிழுக்குக் கொடுத்தது. எழுதத் தெரியாதவரும் இப்படி யோசனை சொல்லலாம்.

1. புதிய ஒர்க்ஷீட்டைத் திறந்து, முதல் வரிசையில் ஏழு தலைப்புகளை டைப் செய்திடுங்கள்: தேதி, சொன்னவர் பெயர், என்ன பிரச்னை, என்ன யோசனை, பதில் தர வேண்டியவர், பதில், காத்திருக்கும் நாட்கள்.

2. தலைப்பு எப்போதும் தெரிய வேண்டும் அல்லவா? எக்ஸெல்லில் வியூ டேபில் பிரீஸ் பேன்ஸ் சென்று பிரீஸ் டாப் ரோ என்பதைக் கிளிக் செய்திடுங்கள். கால்க்கில் வியூ மெனுவில் பிரீஸ் செல்ஸ் என்பதில் இதே வசதி இருக்கிறது.

3. இன்றைய தேதியை டைப் செய்யச் சுருக்கு வழி உண்டு. செல்லில் கர்சரை வைத்துக் கன்ட்ரோல் கீயுடன் அரைப்புள்ளி கீயை அழுத்துங்கள். தேதி வந்து உட்கார்ந்து கொள்ளும். கீ போர்டு அப்போது ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

4. கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதன் இரண்டாவது வரிசையில் சமக் குறி போட்டு, டுடே என்ற ஆங்கிலச் சொல், அதை ஒட்டித் திறந்து மூடும் அடைப்புக் குறிகள், பின் கழித்தல் குறி, பின் தேதி உள்ள முதல் செல்லின் பெயர், அதாவது ஏ2, என ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். யோசனை வந்து எத்தனை நாளாயிற்று என்று காட்டும். எண்ணுக்குப் பதில் ஏதோ பழைய தேதி தெரிகிறதா? பயப்பட வேண்டாம். கன்ட்ரோல் கீயுடன் 1 அழுத்தி, நம்பர் எனத் தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும்.

5. அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து, யோசனைகள் எழுதியிருக்கும் வரிசை வரை கீழே இழுங்கள். எல்லா வரிசைக்கும் கணக்கு வந்துவிடும்.

6. டேட்டா மெனுவில் பில்டர் (கால்க்கில் ஆட்டோ பில்டர்) என்பதைக் கிளிக் செய்திடுங்கள். தலைப்புகளில் சிறிய அம்புக் குறிகள் தோன்றும். 'பதில்' தலைப்பில் உள்ள அம்பைக் கிளிக் செய்து, காலியாக உள்ளவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பதில் சொல்லப்படாத யோசனைகள் மட்டும் திரையில் நிற்கும்.

அவ்வளவுதான்! அன்று அந்தத் தொழிற்சாலையில் எனக்கு இப்படி ஒரு திரை இருந்திருந்தால், பென்சிலில் எழுதிய அந்த வரி தினமும் என் முகத்தில் விழித்திருக்கும். ஆனால் ஒன்று. அந்த பைலைத் திறக்கவும் ஒரு மனிதன் வேண்டும். எனவே தம்பி ஒரு விதி வைத்தான். சனிக்கிழமை கூலி கொடுக்கும் முன் பதிவேட்டைத் திறந்து, காலியாக உள்ள கட்டங்களை எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். சரி, முடியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று ஏதேனும் ஒரு பதில் அன்றே எழுத வேண்டும். முடியாது என்றால் காரணமும் எழுத வேண்டும்.

சொன்னவர் நஷ்டப்படலாமா?

பதிவேட்டில் முதல் வரி, அந்த அம்மா சொன்ன கசப்புத் தண்ணீர் விஷயம். அருகருகே ஒரே அளவுள்ள இரண்டு பாத்திகளை எடுத்துக் கொண்டோம். ஒன்றில் வழக்கம் போல. மற்றொன்றில் மானி 29 டிகிரி காட்டியதும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். காலையும் மாலையும் டிகிரியை இன்னொரு ஒர்க்ஷீட்டில் எழுத முடிவானது. எல்லாம் தயார் என்று நினைத்தபோது அந்த அம்மா தயங்கினார்.

"தம்பி, முன்னாடியே வடிச்சா உப்பு நல்லா வரும். ஆனா மூட்டை குறையும். எங்களுக்கு மூட்டைக்குத்தானே கூலி?"

எனக்குச் சுரீர் என்றது. இத்தனை ஆண்டுகள் இவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லாததற்குக் காரணம் அலட்சியம் அல்ல. யோசனையைச் சொன்னால் முதல் நஷ்டம் சொன்னவருக்கு! முதலாளிக்கு நல்ல உப்பு, தொழிலாளிக்குக் குறைந்த கூலி. பல தொழிற்சாலைகளில் யோசனைப் பெட்டி காலியாகக் கிடப்பதற்கும் இதுவே காரணம். "என் யோசனையால் நான்கு பேர் செய்யும் வேலையை மூன்று பேர் செய்யலாம் என்றால், அந்த நான்காவது ஆள் நான்தானோ?" என்று பயப்படுபவர் வாய் திறக்க மாட்டார்.

தம்பி யோசித்தான். கூட்டாளிகளோடு பேசினான். சோதனை நடக்கும் பாத்தியில் எத்தனை மூட்டை வந்தாலும், வழக்கமான பாத்தியின் மூட்டைக் கணக்கிலேயே கூலி என்று முடிவு செய்தான். அதையும் பதிவேட்டில், பதில் கட்டத்தில் எழுதச் சொன்னேன். வாயால் சொன்னதை விட எழுதி வைத்தது பலமானது.

சோதனைப் பாத்தியில் மூட்டை கொஞ்சம் குறையத்தான் செய்தது. இரண்டு பாத்தி உப்பையும் ஆளுக்கொரு சாக்கில் கட்டிக் கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டு முறை கோடை மழை பெய்து ஓய்ந்தபின் பிரித்துப் பார்த்தோம். வழக்கமான உப்பு அடிச்சாக்கை நனைத்திருந்தது. சோதனை உப்பு கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. வியாபாரி வந்து இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். எதற்குக் கூடுதல் விலை என்று அவரே சொல்லிவிட்டார். குறைந்த மூட்டைக்கும் கூடிய விலைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்ததில், தம்பிக்கு நஷ்டமில்லை, சிறிய லாபமே. அடுத்த கட்டமாக இன்னும் நான்கு பாத்திகளில் செய்தான். கூலி விகிதமும் அதற்கேற்ப மாற்றி எழுதப்பட்டது.

தோற்ற யோசனைக்கும் ஒரு வரி

இதைக் கண்டு மற்றவர்களும் வாய் திறந்தார்கள். ஓர் இளைஞர், கூடைக்குப் பதில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி என்றார். வாங்கிப் பார்த்தோம். வரப்பு ஒடுங்கியது, ஈரம் வேறு. சக்கரம் புதைந்தது. வண்டி இரண்டு முறை பாத்திக்குள் சாய்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அந்த இளைஞர் முகம் வாடிவிட்டது.

டாடா குழுமம் 2006 முதல் தன் நிறுவனங்களிடையே இன்னோவிஸ்டா என்ற பெயரில் புதுமைப் போட்டி நடத்தி வந்தது. அதில் 'முயலத் துணிந்தவர்' என்ற பொருளில் ஒரு பரிசு உண்டு. நல்ல முயற்சி செய்து வெற்றி பெறாதவர்களுக்கு அது! இதைத் தம்பியிடம் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை அவன் பதிவேட்டைப் படிக்கும்போது, "வரப்பு அகலமா இருந்தா வண்டி ஓடும்னு நமக்குத் தெரிஞ்சு போச்சு. அடுத்த சீசன்ல வரப்பு கட்டும்போது ரோட்டோரத்து வரப்பை மட்டும் அகலமா கட்டிப் பார்ப்போம்" என்று அந்த இளைஞரின் பெயரைச் சொல்லிப் படித்தான். வாடிய முகம் நிமிர்ந்தது.

பெண்கள் கேட்டது வேறு. வாரும் இடத்திற்கு அருகில் ஒரு நிழல் பந்தல், குடிதண்ணீர், ஒதுங்க ஓர் இடம். "இதெல்லாம் யோசனையா, கோரிக்கை ஆச்சே" என்று கூட்டாளி ஒருவர் முணுமுணுத்தார். நான் ஒத்துக் கொள்ளவில்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பெரும்பாலோர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதையும், சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருப்பதையும் கண்டனர். தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் ஏராளம். உடம்பைக் காப்பாற்றும் யோசனையைவிடப் பெரிய யோசனை எது? பந்தலும் தண்ணீரும் பத்து நாளில் வந்தன. ஒதுங்கும் இடம் இன்னும் வரவில்லை. அந்த வரியில் காத்திருக்கும் நாட்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த எண்ணைத் தம்பி சத்தமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. பதிவேடு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

நீங்கள் தொடங்கும் முன்

சில எச்சரிக்கைகள். சொன்னவரின் பெயரை அவர் சம்மதத்தோடு மட்டும் எழுதுங்கள். குறை சொல்பவர் பெயர் வேண்டாம் என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஒருவர் சொன்ன யோசனையை மேஸ்திரியோ மேனேஜரோ தன் பெயரில் எழுதிக் கொள்ள விடாதீர்கள். ஆபத்து பற்றிய தகவல் வந்தால் சனிக்கிழமை வரை காத்திராமல் அன்றே கவனியுங்கள்.

பைலை சேவ் செய்வதோடு நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு முறை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வீட்டில் வையுங்கள். இன்டர்நெட் இணைப்பு இருந்தால் கூகுள் டிரைவில் 15 ஜிபி வரை இலவச இடம் கிடைக்கிறது. அதில் ஒரு காப்பி போட்டு வைக்கலாம். நோட்டு நனைந்தது போலக் கம்ப்யூட்டரும் நனையும். கடற்கரை ஊரில் இருப்பவருக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.

நான் ஊர் திரும்பும் நாளன்று அந்த அம்மாவை அழைத்துத் திரையில் முதல் வரியைக் காட்டினேன். யோசனைக்கு நேரே அவர் பெயர். எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு திரையை விரலால் தொட்டுச் சொன்னார்.

"இனிஷியல் போடலியே தம்பி. எங்கப்பா பேரு அது."

உட்கார்ந்து, செல்லில் இரண்டு முறை கிளிக் செய்து, இனிஷியலைச் சேர்த்து சேவ் செய்தேன்.

உங்கள் கடையிலோ, பட்டறையிலோ, அலுவலகத்திலோ இப்படி ஒருவர் இருப்பார். முப்பது ஆண்டாக ஒன்றைத் தெரிந்து வைத்துக் கொண்டு, யாரும் கேட்காததால் பேசாமல் இருப்பார். இன்று மாலை கம்ப்யூட்டரை ஆன் செய்து ஏழு தலைப்புகளை டைப் செய்திடுங்கள். நாளை காலை அவரிடம் சென்று கேளுங்கள். பதில் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள்.